நுனியில் ஒரு முடிச்சு

செஞ்சி
9-1-2025

என் பேத்தி நிலாவுக்கு,

உன் தாத்தா பச்சைமுத்து எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. உன் அம்மா வளர்மதி மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, கோலம் போடறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனாள். வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

எழுத்தறிவு வகுப்பு முடிந்தது. பரீட்சையும் எழுதிவிட்டேன். சுவாதி டீச்சர், யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்று சொன்னாள். டீச்சர் என்கிறேனே தவிர, அவள் உன்னைவிடச் சின்னப் பெண். கமிட்டியில் நாற்பது வருஷம் நெல் மூட்டை தூக்கினேன். நேற்றுதான் அதன் வாசல் பலகையை வாசித்தேன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று எழுதியிருக்கிறது. இவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டா எங்களிடம் வெறும் கமிட்டி என்று பேர் வாங்கியது என்று அங்கேயே நின்று சிரித்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால், பிறகு எடுத்து வாசிக்க ஒன்றும் இருக்காது.

பொங்கலுக்கு வரமுடியாது என்று சொன்னாயாம். உன் அப்பன் தேவேந்திரனுக்கு வருத்தம். "டிக்கெட் கிழிக்கிறதுக்கு எதுக்கு நைனா பாண்டிச்சேரி? அதை இங்கயே கிழிக்கலாம்" என்கிறான். காந்தி பஜாரில் அவனுக்குத் தெரிந்த செல்போன் கடையில் ஆள் கேட்கிறார்களாம். சித்திரைத் தேருக்கு வரும்போது பெட்டியோடு வரச்சொல் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டேன். நீ அங்கே செய்கிற வேலை என்ன என்று எனக்கு எழுது. அவனுக்குத் தெரிந்தது டிக்கெட் வரைக்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் பதிலை நானே பிரித்து நானே வாசிப்பேன்.

உன் தாத்தா
பச்சைமுத்து


புதுச்சேரி
18-1-2025

என் தாத்தாவுக்கு,

நிலா எழுதுகிறேன். உங்கள் கவர் வந்தபோது நான் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தேன். மேலே உங்கள் கையெழுத்தில் என் பெயர். வரிசையில் நின்றவர்களைக் காக்கவைத்துவிட்டு வாசித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். மெஸ் சாப்பாட்டில் உப்புதான் குறைவு. உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். இது பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தரும் இடம். மோட்டார் கிடையாது, காற்றைப் பிடித்து ஓடும் சின்னப் படகு. இங்கே யாட் என்கிறார்கள். அதை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பார். இன்னொருவர் முன்னால் இருக்கும் சின்னப் பாயான முன்பாயின் கயிறுகளைப் பார்த்துக்கொள்வார். அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் சனி ஞாயிறு வகுப்பு. இரண்டு வாரக்கடைசிகள் வந்தால் போதும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள்.

அப்பாவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். கவுண்ட்டர் திறப்பதற்கு முன் தினமும் நானும் கற்றுக்கொண்டேன். சுக்கான் பிடிக்கிற பரீட்சையில் தேறிவிட்டேன். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் தனசேகரன் சார் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார். ஒரு புது ஆளை என் படகில் ஏற்றி, இரண்டு வாரக்கடைசியில் பழக்கி, அவர் தன் கையால் முன்பாயைப் பார்த்துக்கொண்டு அடையாளத்துக்குத் தண்ணீரில் விட்டிருக்கும் மூன்று மிதவைகளையும் சுற்றி வந்துவிட்டால், என்னையும் பயிற்சியாளராக எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் கவுண்ட்டர்தான். அப்பா சொல்கிற செல்போன் கடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிப்ரவரி 8, 9 தேதிகளில் வகுப்பு. நீங்கள் வருகிறீர்களா தாத்தா? சும்மாதான் கேட்கிறேன். உங்களுக்கு நீச்சல் தெரியும். காற்று வாங்கினாற்போலவும் இருக்கும்.

அம்மாவுக்கு என் அன்பு. பதில் போடுங்கள்.

நிலா


செஞ்சி
27-1-2025

நிலாவுக்குத் தாத்தா எழுதுவது.

இங்கே சுகம். பனி அதிகம். காலையில் ராஜகிரி மலை எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. நீ தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

வருகிறேன். சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நானும் சும்மாதான் வருகிறேன்.

கயிறு என்று வாசித்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. மூட்டை கட்டிய கை, கிணற்றில் தண்ணீர் சேந்திய கை, தேர் இழுத்த கை. கயிறு வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் வீட்டுக் கயிறு ஒன்றை எடுத்துவரவா, அங்கேயே கொடுப்பார்களா?

வேட்டியோடு படகில் ஏறக்கூடாது என்று சுவாதி டீச்சர் சொல்கிறாள். உன் அப்பனின் ட்ரவுசர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"இந்த வயசுல ட்ரவுசர் போட்டுக்கினு எங்க நைனா கெளம்புற?"

"நிலா ஆபீஸைப் பாக்கப் போறேன்."

"ஆபீஸுக்கு ட்ரவுசரா?"

"பாண்டிச்சேரிடா. அங்க அப்டித்தான்."

நம்பவில்லை. ஆனால் பஸ்ஸுக்குப் பணம் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேருவேன். பஸ் நிலையத்துக்கு நீ வரவேண்டாம். பலகைகளை வாசித்துக்கொண்டே வந்துவிடுவேன்.

பச்சைமுத்து


செஞ்சி
12-2-2025

என் பேத்தி நிலாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். சளி பிடிக்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? கிளம்பும்போது உன் முகம் சரியாக இல்லை.

இதை எழுத எனக்குச் சில நாள் ஆகும். ஆகட்டும். நடந்ததை எல்லாம் எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நீங்கள் படகு விடுகிற தண்ணீர் நம் செஞ்சி ஆறு என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. இங்கே ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே கடக்கிற ஆறு, அங்கே கடலைத் தொடுகிற இடத்தில் அவ்வளவு அகலமாகக் கிடக்கிறது. ஊரைவிட்டுப் போன பையன் பட்டணத்தில் பெரிய ஆளாகி நிற்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. கையில் அள்ளி வாயில் வைத்தேன். உப்பு. பட்டணம் போனால் அதுவும் மாறித்தான் போகிறது.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு எனக்கு எங்கே உட்காரவேண்டும், எங்கே நகரவேண்டும் என்று காட்டினாய். முன்பாய்க்கு இடது பக்கம் ஒரு கயிறு, வலது பக்கம் ஒரு கயிறு. படகு திரும்பும்போது இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை விட்டுவிட்டு, மறுபக்கம் போய் மற்றதை இழுக்கவேண்டும். கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் படகில் எங்கே கால் வைத்தாலும் கயிறு. நாங்கள் கயிற்றை மிதிக்கமாட்டோம், தாண்டமாட்டோம். தெரியாமல் மிதித்துவிட்டுக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஒற்றிக்கொண்டால் படகு எப்படித் திரும்பும் என்று நீ சிரித்தாய். சனிக்கிழமை முழுக்க நாம் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அன்றைக்குக் காற்று இல்லை. திரும்பும்போதெல்லாம் நான் கயிற்றை உன் கையில் கொடுத்தேன், நீ வாங்கிக்கொண்டாய். கையில் கொடுக்க வேண்டாம், அப்படியே கீழே விட்டுவிடுங்கள் என்று சொன்னாய். சரி சரி என்றேன்.

நம் படகில் நம்மோடு வருவதாக இருந்த கண்ணாடி போட்ட சென்னைக்காரர் கடைசி நேரத்தில் தனசேகரன் சார் படகுக்குப் போய்விட்டார். நல்லதுதான். இடம் தாராளமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தது. அப்பா, என்ன காற்று! பாய் நிறைந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு ஓடியது. சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும் பலகைக்கு அடியில் பேசிக்கொண்டே வந்தது. இந்த உடம்பு எவ்வளவோ பாரம் சுமந்திருக்கிறது. என்னை ஒன்று சுமந்துகொண்டு ஓடியது அன்றைக்குத்தான்.

பிறகு நீ திரும்பப்போவதாகச் சொன்னாய். உன் இரண்டு கையிலும் வேலை இருந்தது. "விடு தாத்தா" என்றாய். மறுபடியும் "விடு" என்றாய். அப்புறம் கத்தினாய். நான் விடவில்லை. முன்பாய் தப்பான பக்கம் காற்றை வாங்கிக்கொண்டு படகை ஒரே தள்ளாகத் தள்ளியது. அடுத்து நான் பார்த்தது ஆற்றின் அடிப்பக்கம்.

மேலே வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே போனபோதும் கயிறு என் கையில்தான் இருந்தது. நீ சிரிக்கவில்லை. கரையிலிருந்து மோட்டார் படகில் வந்து நம்மைத் தூக்கிய தனசேகரன் சாரும் சிரிக்கவில்லை. "பெரியவரே, அடி கிடி படலியே" என்று மட்டும் கேட்டார். மரியாதையான மனுஷர்.

கடிதத்தில் என்னை நீங்கள் என்று எழுதுகிறாய். படகில் நீ என்றாய். படகில் கூப்பிட்டதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வகுப்பு 22ஆம் தேதி என்றார்கள். வெள்ளிக்கிழமையே வந்துவிடவா?

உன் தாத்தா
பச்சைமுத்து


புதுச்சேரி
17-2-2025

தாத்தாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தண்ணீரில் விழுந்ததற்குச் சுக்குக் கஷாயம் குடித்தீர்களா? அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், பயந்துவிடுவாள்.

22ஆம் தேதி வரவேண்டாம் தாத்தா. எனக்கு இங்கே வேலை அதிகம். பஸ்ஸில் அலைவதும் உங்கள் முழங்காலுக்கு ஆகாது. நடந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் ஏன் கயிற்றை விடவில்லை என்று சார் கேட்டார். உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிட்டேன். அவரும் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அதற்குமேல் கேட்கவில்லை.

தேருக்கு வருகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

நிலா


செஞ்சி
21-2-2025

நிலாவுக்கு,

இங்கே எல்லோருக்கும் சுகம். கஷாயம் குடித்தேன். உன் அம்மாவிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன். ட்ரவுசரைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து பாசி வந்தது. என்ன செய்வது?

என் காது நன்றாகக் கேட்கும். நீ மூன்று தடவை சொன்னதும் கேட்டது. கரையில் அந்தக் கண்ணாடிக்காரர் சாரிடம், "பொண்ணு ஓட்டற படகா? வேணாம் சார், நான் உங்களோடயே வரேன்" என்று மெதுவாகச் சொன்னதும் கேட்டது. அதை நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சரியாகப் போயிற்று.

நான் ஏன் கயிற்றை விடவில்லை என்பதைச் சொல்கிறேன். எனக்கே அது இங்கே வந்து யோசித்த பிறகுதான் தெரிந்தது.

செஞ்சிக்கு வருவதற்கு முன் நாம் இருந்த ஊரில், நம் தெருக்காரர்கள் தேர்வடத்தைத் தொடக்கூடாது. தூரத்தில் நின்று பார்க்கலாம். தேர் நம் தெருப்பக்கம் திரும்பவும் திரும்பாது. உன் அப்பன் கைக்குழந்தையாக இருந்த வருஷம், தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பேசினார்கள். கடைசியில் வடத்தின் பின்முனையை எங்களுக்குக் கொடுத்தார்கள். போலீஸ் நின்றது. எங்களில் பெரியவர் தனகோட்டி. இழுக்கப் போகும் முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"புடிச்சா வுடாதீங்கடா. கை கிழிஞ்சாலும் வுடாதீங்க. தரையில போட்டீங்கன்னா, இவனுங்களுக்குப் புடிக்கத் தெரியலன்னு சொல்லி அடுத்த வருஷம் குடுக்க மாட்டாங்க."

சித்திரை வெயில். தேர் நிலைக்கு வரும்வரை நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து வடத்திலேயே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து உன் அப்பனைத் தூக்க முடியவில்லை. செஞ்சிக்கு வந்தபிறகும் ஒரு வருஷம்கூட நான் அந்தத் தேருக்குப் போகாமல் இருந்ததில்லை, பாதியில் விட்டதுமில்லை. இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. இருந்தாலும் என் கைக்கு அது தெரியவில்லை. நீ விடு என்றாய். தலைக்குப் புரிந்தது. கை, தனகோட்டி பேச்சைக் கேட்டது.

அதனால் இப்போது கைக்குப் பாடம் நடக்கிறது. பின்பக்கத்து வேப்பமரக் கிளையில் கயிறு போட்டு, ஒரு பக்கம் மணல் மூட்டையைக் கட்டியிருக்கிறேன். மறுபக்கம் நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வளர்மதி அடுப்படியிலிருந்து "வுடுங்க மாமா" என்பாள். அவள் எப்போது சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நேற்றுவரை மூட்டை லேட்டாகத்தான் விழுந்தது. என்னோடு கமிட்டியில் மூட்டை தூக்கிய பாவாடை வந்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தான். "இன்னா பச்ச, கெணறு இல்லாமயே தண்ணி எறைக்கிற?" என்றான். "பேத்திக்குப் படகு ஓட்டப் பழகறேன்" என்றேன். அவன் வளர்மதியிடம் போய், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாயா என்று விசாரித்திருக்கிறான்.

வரவேண்டாம் என்றாய். வரமாட்டேன். ஆனால் அதற்கடுத்த வகுப்பு எப்போது என்று நீ எழுதவில்லை.

பச்சைமுத்து


செஞ்சி
6-3-2025

நிலாவுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் ரஞ்சித்திடம் தினமும் கேட்கிறேன். என்னைக் கண்டால் சைக்கிளிலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார்.

இங்கே சுகம். வளர்மதி விடு என்றதும் மூட்டை விழுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

பச்சைமுத்து


புதுச்சேரி
10-3-2025

என் தாத்தாவுக்கு,

பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், பல நாள். நான் நலம். அம்மா அனுப்பிய எள்ளுருண்டை வந்தது.

நான் சின்னப் பிள்ளையில் உங்கள் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தேன். பிறகு வடம் பிடித்தேன். பாதியில் விட்டுவிட்டு ஐஸ் வாங்கப் போவேன், திரும்பி வந்து பிடிப்பேன். அது எப்போதும் நம்முடையதாகவே இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

உங்களுக்குக் காது மந்தம் என்று சொன்னது தப்பு. உங்கள் கடிதத்தை வாசித்த மறுநாள் சாரிடம் போய் அது பொய் என்று சொன்னேன். பிறகு உங்கள் கடிதத்தையே வாசித்துக் காட்டினேன். அவர் காலண்டரை எடுத்துப் பார்த்தார். "சரி, மார்ச் இருபத்திரண்டு, இருபத்துமூணு. இன்னும் ஒரே தடவை" என்றார். ஆனால் எழுத்தில் கொடுத்த பொய்யை எழுத்தில்தான் அழிக்க வேண்டுமாம். உங்கள் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிவர வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் படகில் முன்பாய்க் கயிற்றின் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு முடிச்சு இருக்கும். எட்டு மாதிரி. கயிறு ஒரு வளையத்தின் வழியாகத்தான் உங்கள் கைக்கு வருகிறது. விட்டால் அது ஓடும், ஆனால் முடிச்சு வளையத்தில் வந்து நின்றுவிடும். படகைவிட்டு எங்கேயும் போகாது. யாரும் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. எட்டித் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். அதை முதல் நாளே உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டாதது என் தப்பு. சுக்கான் பிடிக்கிறவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

வருவீர்களா தாத்தா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

நிலா


செஞ்சி
15-3-2025

நிலாவுக்கு,

சுகம். சர்டிபிகேட் கிடைத்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் ஒரு அம்மா. என்னைத் திரும்பி நிற்கச்சொல்லி, முதுகுக்குப் பின்னால் இருந்து ரகசியமாக ஊர்ப் பெயர்களைச் சொன்னார். அவலூர்பேட்டை என்றேன். அனந்தபுரம் என்றேன். சீயமங்கலம் என்றேன். "எதுக்கு இந்த சர்டிபிகேட்?" என்று கேட்டார். சொன்னேன். தேரிலிருந்து தொடங்கிச் சொன்னேன். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. "காது நல்லா இருக்குது பெரியவரே. வாய் அதவிட நல்லா இருக்குது" என்று எழுதிக் கொடுத்தார். கடைசி வரியை எழுதவில்லை, வாயால்தான் சொன்னார்.

அந்த எட்டு முடிச்சைக் கயிற்றில் போட்டுப் பார்த்தேன். இழுக்க இழுக்க இறுகுகிறது. இப்படி ஒரு முடிச்சு இருப்பது தனகோட்டிக்குத் தெரிந்திருந்தால் எங்கள் கை தப்பியிருக்கும்.

உன் அப்பனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ட்ரவுசருக்குப் புது நாடா போட்டுக் கொடுத்தான்.

பச்சைமுத்து


செஞ்சி
26-3-2025

என் பேத்தி நிலாவுக்கு,

வந்து சேர்ந்தேன். சுகம். உடம்பெல்லாம் வலிக்கிறது, ஒவ்வொரு வலியும் எங்கே வாங்கினேன் என்று தெரிகிறது. நீ நன்றாகத் தூங்கினாயா?

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனாலும் எழுதுகிறேன். நான் முன்னால் இருந்தேன், நீ பின்னால் இருந்தாய். என் முகம் உனக்குத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை முழுதும் பழகினோம். ஞாயிறு காலை தனசேகரன் சார் மோட்டார் படகில் பின்னால் வந்தார். முதல் மிதவையில் நீ விடு என்றதும் விட்டேன். கொஞ்சம் லேட். இரண்டாவதில் சரியாக விட்டேன், ஆனால் மறுபக்கம் போகும்போது கயிற்றை மிதித்துவிட்டேன். குனியப் போனேன். குனியவில்லை. மனசில் ஒற்றிக்கொண்டேன்.

மூன்றாவது மிதவைக்குப் போகும்போது கடல்பக்கம் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. அப்படிக் கறுத்தால் காற்று வருகிறது என்று நீ சொல்லித்தந்திருந்தாய். வந்தது. படகு சாய்ந்தது, கயிறு என் கையில் முறுக்கிக்கொண்டது. திரும்ப வேண்டிய இடம் அதுவேதான். கை இறுகிவிட்டது நிலா. வேப்பமரத்தடியில் படித்ததெல்லாம் போயிற்று. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் தன் படகை நம் பக்கம் திருப்பியது கண்ணோரத்தில் தெரிந்தது.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்து, அந்த டாக்டரம்மா ஊர்ப் பெயர் சொன்ன மாதிரி மெதுவாகச் சொன்னாய்.

"வுடு தாத்தா. உன்னுதுதான். எங்கயும் போவாது."

கை திறந்தது. கயிறு சர்ரென்று ஓடியது, முடிச்சு வளையத்தில் வந்து டக்கென்று நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டேன். படகு நிமிர்ந்து திரும்பியது. பாய் தலைக்கு மேலே கடந்து போனது. நான் மறுபக்கம் போய் மற்றக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, முதல் வேலையாக, விட்ட கயிற்றைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயே கிடந்தது. எட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, நானே கீழே போட்டேன்.

அப்போதுதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆற்றுத் தண்ணீர் என்று நீ நினைத்திருப்பாய்.

கரைக்கு வந்ததும் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "காது நல்லாத்தான் கேக்குது போல" என்றார். பிறகு உன்னைத் தள்ளி அழைத்துப்போய் என்னவோ பேசினார். அது எனக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. நீயும் பஸ் ஏற்றிவிடும்வரை சொல்லவில்லை. முடிவு தெரியாமல் பேசமாட்டாய் என்று எனக்குத் தெரியும். காத்திருக்கிறேன்.

பச்சைமுத்து


புதுச்சேரி
9-4-2025

என் தாத்தாவுக்கு,

நான் நலம். உங்கள் வலியெல்லாம் போய்விட்டதா?

அன்றைக்குச் சார் சொன்னது இதுதான்: "முன்னாடி தடவை கத்தின. இந்தத் தடவை கத்தல. யோசிச்சுச் சொல்றேன்." அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை. நேற்று காலை கவுண்ட்டருக்கு வந்து, தன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டே சொன்னார், "மே மாசத்திலிருந்து இந்தக் கவுண்ட்டருக்கு வேற ஆள் பாக்கணும்." நான் என்ன தப்பு செய்தேன் சார் என்று கேட்டேன். "உன் படகுக்கு ரெண்டு பேர் பதிஞ்சிருக்காங்க. நீ இங்க உக்காந்திருந்தா யார் ஓட்டறது?" என்றார்.

அந்த இருவரில் ஒருவர் கண்ணாடிக்காரரின் மனைவி. நீங்கள் மூன்றாவது மிதவையைச் சுற்றியபோது கரையில் நின்று பார்த்தாராம்.

அப்பாவிடம் நானே போனில் சொன்னேன். "அந்தக் கடைக்காரன்கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்" என்றார்.

சித்திரைத் தேருக்கு வருகிறேன் தாத்தா. பெட்டி கொண்டுவரவில்லை. பை மட்டும்தான்.

நிலா


செஞ்சி
30-4-2025

என் பேத்தி நிலாவுக்கு,

நீ பஸ் ஏறிப் போனபிறகு வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. மற்றபடி சுகம். தேரில் வெயில் பட்டதற்கு மோர் குடி. பாவாடை உன்னைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து, தன் பேரனையும் படகுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறான். முதலில் அவன் வந்து மணல் மூட்டையைப் பிடிக்கட்டும் என்றேன்.

தேர் அன்றைக்கு நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவேண்டும். நீ பார்க்கவில்லை. நீ உன் வயசுப் பெண்களோடு வடத்தின் முன்முனையில் இருந்தாய். நான் எப்போதும்போல் பின்முனையில்.

பள்ளிக்கூடத்து முனையில் தேர் திரும்பும்போது என் முழங்கால் பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். இந்தத் தடவை வடத்தை விட்டேன். சும்மா விட்டேன், யார் கையிலும் கொடுக்கவில்லை. ஓரமாகப் போய் மர நிழலில் நின்றேன். மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். தேர் போவதை ஓரத்தில் நின்று பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! அது அழகாக இருக்கிறது நிலா. இழுப்பவனுக்குத் தேர் தெரியாது, முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரியும். அன்றைக்கு நான் கலசம்வரைக்கும் பார்த்தேன். உன் தலையும் தூரத்தில் தெரிந்தது.

டம்ளரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனேன். நான் விட்ட இடம் காலியாகவே இருந்தது. பக்கத்தில் இருந்தவன் எனக்குத் தெரியாத பையன். "வா பெரியவரே" என்று கொஞ்சம் நகர்ந்தான். பிடித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

கயிறு வேலை எனக்கு வந்துவிட்டது. சுக்கான் பிடிக்கிற வகுப்பு எப்போது என்று எழுது. ட்ரவுசரை உன் அப்பனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன் படகின் இரண்டாவது ஆள்
பச்சைமுத்து